ஆறு பேர் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு: மாதம் எவ்வளவு ஆகும், எதற்கு ஆகும்

கேட்டவரின் நிலைமை இது: "எனக்கு வயது 38. கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் வேலை, கைக்கு வருவது 46,000. மனைவிக்கு 35, பிள்ளைகளுக்கு 10, 6. அப்பாவுக்கு 67, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. அம்மாவுக்கு 61. இருவரும் கோவில்பட்டிப் பக்கம் கிராமத்தில் இருக்கிறார்கள். தம்பி கோவையிலேயே ஸ்பின்னிங் மில்லில் 19,500 சம்பளத்தில் இருக்கிறான். கம்பெனி எனக்கும் மனைவி பிள்ளைகளுக்கும் 3 லட்சம் காப்பீடு தருகிறது. ஏஜென்ட் ஒருவர், ஆறு பேருக்கும் சேர்த்து 10 லட்சத்துக்கு ஒரே பாலிசி, மாதம் 6,900 கட்டினால் போதும் என்கிறார். இது நியாயமான தொகையா? ஒரு ஆளுக்கு, ஒரு குடும்பத்துக்கு என்று பார்த்தால் மாதம் எவ்வளவு ஆகும்?"

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். 30 வயதில், நோய் எதுவும் இல்லாத ஒருவர் தனக்கு மட்டும் 10 லட்சத்துக்கு எடுத்தால், மாதக் கணக்கில் சுமார் 700 முதல் 1,000 ரூபாய் ஆகும். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், மூத்தவருக்கு 40-க்குள் என்றால் அதே 10 லட்சத்துக்கு 1,500 முதல் 2,200 வரை. 60 தாண்டிய தம்பதிக்கு 5 லட்சத்துக்கே 3,000 முதல் 4,500 வரை போகும். 10 லட்சம் என்றால் 4,000-த்துக்குக் கீழே கிடைப்பது அபூர்வம். கம்பெனிக்குக் கம்பெனி, ஊருக்கு ஊர், உடம்புக்கு உடம்பு இது மாறும். ஆனால் யாராவது உங்களிடம் ஒரு தொகையைச் சொன்னால், இந்த எல்லைக்குள் வருகிறதா என்று பார்க்க இது போதும்.

அந்த வகையில் ஏஜென்ட் சொன்ன 6,900 ஏமாற்றுத் தொகை இல்லை. 67 வயதுக்காரர் உள்ள ஆறு பேர் பாலிசிக்கு அப்படித்தான் வரும். என் ஆட்சேபணை தொகையில் இல்லை. ஆறு பேரையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவருவதில்தான் இருக்கிறது.

ஃபேமிலி ஃப்ளோட்டர் என்பது ஒரே தொகையைக் குடும்பம் முழுக்கப் பகிர்ந்துகொள்ளும் பாலிசி. அதன் பிரீமியத்தைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு குடும்பத்தில் மூத்தவரின் வயதுக்குத்தான். நீங்கள் நால்வர் மட்டும் இருந்தால் கணக்கு 38-லிருந்து தொடங்கும். அப்பாவைச் சேர்த்த நிமிடத்தில் அது 67-லிருந்து தொடங்குகிறது. உங்கள் மனைவியும் ஆறு வயதுப் பிள்ளையும் கூட, ஒருவகையில் தாத்தாவின் வயதுக்கான விலையைக் கட்ட ஆரம்பிக்கிறார்கள். இது ஒன்று. இரண்டாவது, அப்பாவுக்கு ஒரு பெரிய ஆபரேஷன் வந்து 8 லட்சம் போய்விட்டால், அந்த வருடம் மீதி ஐந்து பேருக்கும் 2 லட்சம்தான் மிச்சம். தீர்ந்த தொகையைத் திரும்ப நிரப்பித் தரும் வசதி இப்போது பல பாலிசிகளில் உண்டு என்றாலும், அதற்கும் நிபந்தனைகள் இருக்கும். மூன்றாவது, கிளைம் செய்யாத வருடத்துக்குத் தரும் போனஸ். வயதானவர் உள்ள பாலிசியில் ஏதாவது ஒரு கிளைம் வந்துகொண்டே இருக்கும். கிளைமே செய்யாத உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேரவேண்டிய போனஸும் அதோடு போய்விடும்.

ஆகவே இரண்டாகப் பிரியுங்கள். நீங்கள் நால்வர் ஒரு பாலிசி. அப்பா அம்மாவுக்குத் தனி ஏற்பாடு. மாதம் எவ்வளவு என்ற கேள்வியையும் அப்படியே இரண்டாகப் பிரித்துப் பார்த்தால்தான் விடை தெளிவாகும்.

உங்கள் நால்வரைப் பற்றி முதலில். கம்பெனி தரும் 3 லட்சம் இருக்கிறதே, அது போதாதா என்று பலரும் நினைக்கிறார்கள். வேலையை விட்டால் அந்தக் காப்பீடும் அன்றோடு போய்விடும். 45 வயதில் வேலை மாறும்போது, அல்லது கம்பெனியே ஆள் குறைக்கும்போது, புதிதாகப் பாலிசி கேட்டுப் போய் நிற்பீர்கள். அதற்குள் உங்களுக்கும் சர்க்கரை வந்திருக்கலாம். பாலிசி எடுத்த முதல் சில வருடங்களுக்குப் பழைய நோய்களுக்குப் பணம் வராது, அதைக் காத்திருப்புக் காலம் என்பார்கள். கம்பெனி தரும் குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டுக் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு, அப்படிக் காத்திருந்த காலத்தின் பலனை இழக்காமல் மாற வழி உண்டு. வேலையை விடுகிற அவசரத்தில் அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. அதனால் சொந்தப் பாலிசி ஒன்று இப்போதே வேண்டும்.

அதைச் செலவு குறைத்து எடுக்க ஒரு வழி இருக்கிறது. காப்பீட்டுத் தொகை இரட்டிப்பானால் பிரீமியம் இரட்டிப்பாவதில்லை. ஒரு லட்சம், இரண்டு லட்சம் பில் அடிக்கடி வரும். 15 லட்சம் பில் எப்போதாவதுதான் வரும். எனவே முதல் சில லட்சங்களுக்குத்தான் விலை அதிகம், மேலே போகப் போக மலிவு. அந்த மலிவான மேல்பகுதியை மட்டும் தனியாக விற்பதுதான் சூப்பர் டாப்-அப். உதாரணமாக, 5 லட்சத்துக்கு ஓர் அடிப்படைப் பாலிசி. நால்வருக்கும் சேர்த்து மாதம் 1,400 போல ஆகும். அதன் மேல், முதல் 5 லட்சத்தை நாமே பார்த்துக்கொள்கிறோம், அதற்கு மேல் 20 லட்சம் வரை நீ கொடு என்று ஒரு சூப்பர் டாப்-அப். மாதம் 350 போல. இரண்டும் சேர்த்து 1,750. வருடத்துக்கு 21,000. நால்வருக்கும் சேர்த்து 25 லட்சம் பாதுகாப்பு வந்துவிடுகிறது.

டாப்-அப், சூப்பர் டாப்-அப் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே வருடத்தில் 4 லட்சத்துக்கு ஒரு முறையும் 3 லட்சத்துக்கு ஒரு முறையும் படுக்க நேர்ந்தது என்று வையுங்கள். வெறும் டாப்-அப், ஒவ்வொரு பில்லையும் தனித்தனியே பார்க்கும். எந்த பில்லும் 5 லட்சத்தைத் தாண்டவில்லை, ஒரு ரூபாய்கூட வராது. சூப்பர் டாப்-அப் வருடம் முழுவதையும் கூட்டிப் பார்க்கும். 7 லட்சத்தில் 5 போக 2 லட்சம் தரும். மாதத்துக்கு ஐம்பது, நூறு ரூபாய் குறைகிறதே என்று டாப்-அப்பை எடுத்துவிட்டு, இந்த வித்தியாசத்தை பில் கட்டும் நாளில் தெரிந்துகொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தவன். அங்கே எனக்குப் புரிந்த ஒன்று, மாதம் எவ்வளவு கட்டுகிறோம் என்பதைவிட அந்த பில்லில் எவ்வளவு திரும்பி வரும் என்பதுதான் பாலிசியின் உண்மையான விலை. மாதம் 150 ரூபாய் குறைவாக இருக்கிறதே என்று எடுத்த பாலிசியில் பெரும்பாலும் ரூம் வாடகைக்கு ஒரு வரம்பு இருக்கும். காப்பீட்டுத் தொகையில் ஒரு நாளைக்கு 1 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். 3 லட்சம் பாலிசி என்றால் 3,000 ரூபாய் ரூம். கோவையில் பெரிய மருத்துவமனையில் அந்த வாடகைக்குத் தனி அறை சுலபமாகக் கிடைக்காது. வீட்டார் 6,000 ரூபாய் அறையை எடுப்பார்கள். கூடுதலாகும் 3,000-ஐத்தானே நாம் கொடுக்கவேண்டும், ஐந்து நாளைக்கு 15,000 என்று மனக்கணக்குப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள்.

நடப்பது வேறு. மொத்த பில் 2 லட்சம் என்று வையுங்கள். அறை 30,000, டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் எல்லாம் 1,10,000, மருந்து, உள்ளே பொருத்திய கருவி, பரிசோதனைகள் 60,000. உங்களுக்கு அனுமதித்த வாடகையைப்போல இரண்டு மடங்கில் அறை எடுத்திருப்பதால், அறையோடு சேர்ந்த மற்றச் செலவுகளையும் அதே விகிதத்தில் பாதியாக வெட்டுவார்கள். அறைக்கு 15,000. டாக்டர், தியேட்டர் வகைக்கு 55,000. மருந்து, கருவி, பரிசோதனை ஆகியவற்றை இப்படி விகிதப்படி வெட்டக்கூடாது என்று விதி இருக்கிறது, அதனால் அந்த 60,000 முழுதாக வரும். ஆக 1,30,000. மீதி 70,000 உங்கள் கையிலிருந்து. இதில் கையுறை, நிர்வாகக் கட்டணம் போன்றவற்றுக்கான வெட்டை நான் சேர்க்கவே இல்லை. 15,000 என்று நினைத்து வந்தவரிடம் 70,000 என்று சொல்லும் வேலையை நான் மாதத்துக்கு நாலைந்து தடவையாவது செய்திருக்கிறேன். ரூம் வாடகை வரம்பு இல்லாத பாலிசிக்கு மாதம் 150, 200 கூட ஆனாலும் தயங்காமல் அதை எடுங்கள். மற்ற எந்த அலங்கார வசதியையும் விட்டுவிடலாம், இதை விடக்கூடாது.

சரி, அப்பா அம்மா.

இங்கே பிரீமியம் ஏன் இவ்வளவு ஏறுகிறது என்று கோபப்படுவது இயல்பு. ஒப்பிட்டுப் பாருங்கள்: 2021 ஜூலையில் தொடங்கிய தமிழக அரசு ஊழியர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பளத்திலிருந்து மாதம் 300 ரூபாய்தான் பிடித்தார்கள். 25 வயதுக்காரருக்கும் 58 வயதுக்காரருக்கும் அதே 300. எல்லோரும் கட்டாயமாகச் சேர்வதால், நோயில்லாத இளைஞர்களின் பணம் மூத்தவர்களின் பில்லைத் தாங்கிவிடுகிறது. வெளிச்சந்தையில் அப்படி இல்லை. விரும்புகிறவர் மட்டும் வருகிறார். பெரும்பாலும் உடம்பு எச்சரிக்கை கொடுத்த பிறகு வருகிறார். அதனால் ஒவ்வொரு வயதுக்கும் தனி விலை. உங்கள் அப்பா அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவராக இருந்தால், ஓய்வூதியர் திட்டத்தில் அவர் ஏற்கெனவே இருப்பார். ஓய்வூதியப் பட்டியலில் பிடித்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி இல்லையென்றால் மேலே படியுங்கள்.

தனியார் பாலிசிக்குப் போகும் முன் இரண்டு கதவுகளைத் தட்டிப் பார்க்கவேண்டும். ஏஜென்ட்கள் இவற்றைச் சொல்வதில்லை, ஏனென்றால் இவற்றில் அவர்களுக்கு வருமானம் இல்லை.

முதலாவது உங்கள் தம்பி. மாதச் சம்பளம் 21,000-க்குள் இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், 2019 ஜூலையிலிருந்து இதுதான் விகிதம். 19,500-க்கு 0.75 சதவீதம் என்றால் மாதம் சுமார் 146 ரூபாய். அவரது சம்பளச் சீட்டில் இந்தப் பிடித்தம் ஏற்கெனவே இருக்கவேண்டும். அந்த 146 ரூபாயில் தம்பிக்கு மட்டுமல்ல, அவரைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் சிகிச்சை கிடைக்கும். பெற்றோருக்குச் சொந்த வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அப்பா அம்மா பெயர் இ.எஸ்.ஐ. பதிவில் சேர்ந்திருக்கிறதா என்று தம்பியின் மில் அலுவலகத்தில் கேளுங்கள். பல பிள்ளைகள் திருமணத்துக்கு முன் பெற்றோரைச் சேர்க்காமலே விட்டுவிடுகிறார்கள். கோவையில் சிங்காநல்லூரில் பெரிய இ.எஸ்.ஐ. மருத்துவமனையே இருக்கிறது. கூட்டம் இருக்கும், காத்திருக்கவேண்டும், நினைத்த டாக்டரைப் பார்க்கமுடியாது. ஆனால் அங்கே சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் மருந்து வாங்கலாம். சாதாரணத் தனியார் பாலிசி இதைத் தருவதில்லை, அது மருத்துவமனையில் படுத்தால்தான் பேசும். அப்பாவுக்கு மாத்திரைக்கு மட்டும் மாதம் எவ்வளவு ஆகிறது என்று எழுதிப் பாருங்கள், இதன் மதிப்பு தெரியும்.

இரண்டாவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் பெயரும் அமைப்பும் மாறி, இன்றுவரை தொடர்வது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை, பிரீமியம் எதுவும் இல்லாமல். குடும்பம் என்பதற்கு ரேஷன் கார்டுதான் அடையாளம். உங்கள் பெற்றோர் ஊரில் தனிக் கார்டு வைத்திருந்து, அவர்கள் குடும்ப வருமானம் இந்த வரம்புக்குள் இருந்தால் அவர்களுக்குத் தகுதி உண்டு. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போகவேண்டும். பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் மட்டும் செல்லும். மாரடைப்பு, சிறுநீரகம், புற்றுநோய் போன்ற பெரிய விஷயங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உண்மையான வருமானம் அதிகமாக இருக்கும்போது குறைத்துக் காட்டிச் சான்று வாங்கச் சொல்லவில்லை. தகுதி உள்ளவர்கள் வாங்காமல் இருப்பதைத்தான் சொல்கிறேன். கிராமத்தில் அப்படி ஏராளமானோர் இருக்கிறார்கள்.

இந்த இரண்டும் இல்லை, அல்லது இருந்தாலும் தனியார் மருத்துவமனை வேண்டும் என்றால், அப்பா அம்மாவுக்கு 5 லட்சத்துக்குத் தனிப் பாலிசி. மாதம் 3,600 போல வையுங்கள். எல்லா வயதினருக்கும் கம்பெனிகள் பாலிசி வைத்திருக்கவேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து வந்திருக்கிறது. உடல்நிலையைப் பார்த்து மறுக்கலாம், அல்லது விலையை ஏற்றலாம். அப்பாவின் சர்க்கரைக்கும் பிரஷருக்கும், அவற்றால் வரும் சிக்கல்களுக்கும் காத்திருப்புக் காலம் இருக்கும். அது அதிகபட்சம் மூன்று வருடம்தான். முன்பு நான்கு வருடம்வரை இருந்ததை 2024-ல் குறைத்தார்கள். மூத்த குடிமக்கள் பாலிசிகள் பலவற்றில் 20 சதவீதம் கோ-பேமென்ட், அதாவது பில்லில் நாமே கட்டவேண்டிய பங்கு, இருக்கும். 3 லட்சம் பில்லில் 60,000 நீங்கள்.

இதில் விலையை ஒப்பிட ஒரு நல்ல அளவுகோல் 'ஆரோக்ய சஞ்சீவனி'. 2020 ஏப்ரலில் வந்த பொதுப் பாலிசி. எந்தக் கம்பெனி விற்றாலும் நிபந்தனைகள் ஒன்றேதான்: 5 சதவீதம் கோ-பேமென்ட், ரூம் வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளைக்கு 5,000, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு 10,000, கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு 40,000 வரை. விலை மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ரூம் வாடகை வரம்பு வேண்டாம் என்று மேலே அடித்துச் சொன்னவன்தான் நான். ஆனால் கோவில்பட்டியிலோ திருநெல்வேலியிலோ சிகிச்சை எடுக்கப்போகும் பெற்றோருக்கு, மாதம் 5,000 கட்டமுடியாத வீட்டில், 5,000 ரூபாய் அறை வரம்பு பெரிய கஷ்டம் தராது. 20 சதவீதக் கோ-பேமென்ட்டைவிட 5 சதவீதம் நல்லது. மூன்று நான்கு கம்பெனிகளில் இதற்கு விலை கேட்டுவிட்டு, அப்புறம் மற்றப் பாலிசிகளின் விலையைப் பாருங்கள்.

பெற்றோருக்கு எடுக்கும்போது நான் மிகவும் கவலைப்படும் இடம் பிரீமியம் இல்லை, ப்ரபோசல் ஃபார்ம், அதாவது பாலிசி கேட்டு நிரப்பும் விண்ணப்பம். ஒரு சம்பவம் சொல்கிறேன், ஊரும் பெயரும் வேண்டாம். 64 வயதுப் பெரியவர், நெஞ்சுவலி, ஸ்டென்ட் வைத்தார்கள். மகள் இரண்டு வருடமாகத் தவறாமல் பிரீமியம் கட்டி வந்தவர். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்' என்று டாக்டர் எழுதியிருந்தார், பெரியவரே சொன்னது. ப்ரபோசல் ஃபார்மில் நோய் எதுவும் இல்லை என்று ஏஜென்ட் டிக் போட்டிருந்தார். கிளைம் நிராகரிப்பு, பாலிசியும் ரத்து. "மாதம் 600 ரூபாய் கூடும்னு அவர்தான் எழுத வேண்டாம்னார் சார்" என்று அந்தப் பெண் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. கையெழுத்து அப்பாவுடையது, ஏஜென்ட் எங்கும் இல்லை. தொடர்ந்து ஐந்து வருடம் பாலிசி நடந்துவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, மறைத்தார் என்ற காரணத்தைச் சொல்லி கிளைமை மறுக்கமுடியாது என்று இப்போதைய விதி இருக்கிறது. அதற்காக ஐந்து வருடம் மறைத்து ஓட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 67 வயது உடம்பு ஐந்து வருடம் காத்திருக்குமா என்று யாரால் சொல்லமுடியும்?

இனி, மாதாமாதம் கட்டுவது. பிரீமியத்தைத் தவணையாகக் கட்ட வசதி உண்டு, சட்டப்படியும் சரிதான். ஆனால் மருத்துவப் பாலிசி என்பது ஒரு வருட ஒப்பந்தம். மாதத் தவணை என்பது அந்த வருடக் கடனைப் பன்னிரண்டாக உடைத்திருப்பதுதான். தவணை தவறினால் 15 நாள்தான் அவகாசம். வங்கிக் கணக்கில் ஒரு மாதம் பணம் இல்லாமல் போய், அதைக் கவனிக்காமல் 15 நாளும் போனால் பாலிசி ரத்து. மூன்று வருடக் காத்திருப்பில் இரண்டரை வருடம் கடந்திருந்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணவேண்டும். இன்னொன்று: கிளைம் வந்த உடனே மீதித் தவணைகள் எல்லாம் கட்டவேண்டியவை ஆகிவிடும், கிளைம் தொகையிலிருந்தே அதைக் கழித்துக்கொள்வார்கள். ஏஜென்ட் சொன்ன 6,900-ஐயே எடுங்கள். மூன்று தவணை கட்டியிருக்கிறீர்கள், அப்பாவுக்கு 1,20,000 கிளைம் அனுமதி ஆகிறது. மீதி ஒன்பது தவணை, 62,100. அதைக் கழித்தால் வருவது 57,900. எப்படியும் கட்டவேண்டிய பணம்தான், நஷ்டம் என்று சொல்லமுடியாது. ஆனால் டிஸ்சார்ஜ் அன்று மாலை 62,000 ரூபாய்க்கு நீங்கள் எங்கே ஓடுவீர்கள்?

அதனால் மாதக் கணக்கை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிச் சீட்டுக் கட்டுகிற மாதிரி, வங்கியில் 12 மாத ஆர்.டி. ஒன்று போட்டு, முதிர்ந்ததும் வருடப் பிரீமியத்தை ஒரே தடவையில் கட்டுங்கள். முதல் வருடத்துக்கு மட்டும் எப்படியாவது புரட்டவேண்டும். அது முடியவே முடியாது என்றால் உங்கள் நால்வரின் 21,000-ஐ முழுதாகக் கட்டிவிட்டு, பெற்றோருடையதை மட்டும் முதல் வருடம் அரையாண்டுத் தவணையாக எடுங்கள். அதற்கு 30 நாள் அவகாசம் உண்டு.

வரி பற்றி இரண்டு வார்த்தை. தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு 18 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22-லிருந்து இல்லை. யாராவது பழைய பட்டியலைக் காட்டி ஜி.எஸ்.டி. சேர்த்துச் சொன்னால் கேள்வி கேளுங்கள். வருமான வரியில் 80-டி என்று பலரும் அறிந்த கழிவு உண்டு, உங்களுக்கும் குடும்பத்துக்கும் 25,000, மூத்த குடிமக்களான பெற்றோருக்கு 50,000. ஆனால் அது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். உங்கள் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது. எனவே வரி மிச்சம் என்ற பேச்சை உங்கள் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

இப்போது ஏஜென்ட் சொன்ன அதே 6,900-ஐ எடுத்துப் பிரித்துப் போட்டுப் பார்ப்போம். உங்கள் நால்வருக்கு அடிப்படைப் பாலிசியும் சூப்பர் டாப்-அப்பும் 1,750. பெற்றோருக்கு 3,600. ஆக 5,350. மீதி 1,550. அந்த 1,550-ஐச் செலவழிக்காமல் அப்பா பெயரில் தனியாகச் சேருங்கள். அவருடைய நோய்களுக்கான காத்திருப்பு மூன்று வருடம். அந்த மூன்று வருடத்தில் 55,800 சேர்ந்திருக்கும். பாலிசி பேசாத காலத்தில் பேசப்போவது அந்தப் பணம்தான். பிறகு கோ-பேமென்ட்டுக்கும் உதவும். மாதச் செலவு என்று நான் சொல்வது இந்தச் சேமிப்பையும் சேர்த்துத்தான். அதை விட்டுவிட்டு வெறும் பிரீமியத்தை மட்டும் எண்ணுகிற வீடுகள்தான் கவுன்ட்டரில் தடுமாறி நின்றன.

46,000-ல் 6,900 என்பது பெரிய சுமை, எனக்குத் தெரியும். பெற்றோருக்கு முதலமைச்சர் திட்டமோ தம்பியின் இ.எஸ்.ஐ.யோ அமைந்துவிட்டால், அந்த 3,600-ஐத் தவிர்க்கலாம். அப்போது 1,750 பிரீமியம், பெற்றோருக்காக மாதம் 2,000 சேமிப்பு, மொத்தம் 3,750. உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் இந்த வழியைத்தான் முயல்வேன். எதைச் சுருக்கினாலும் பிள்ளைகள் இருக்கும் அந்த 1,750-ல் கைவைக்கமாட்டேன்.

பிரீமியம் இதே அளவில் நிற்காது. வயது ஏற ஏறக் கூடும், இடையிடையே கம்பெனியும் கூட்டும். 60 தாண்டியவர்களுக்கு ஒரு வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றவேண்டுமானால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. உங்கள் வயதுக்காரர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே பாலிசி எடுக்கும் முன்பே, இதே பாலிசிக்கு இன்று 45, 55, 65 வயதுக்காரர்கள் எவ்வளவு கட்டுகிறார்கள் என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். முதல் வருடம் மலிவாகக் காட்டி, 50 வயதுக்கு மேல் செங்குத்தாக ஏறும் பாலிசிகள் அதில் தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் பின்னால் வேறு கம்பெனிக்கு மாறலாம், காத்திருந்த வருடங்கள் வீணாகாது. ஆனால் புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்னால் விண்ணப்பிக்கவேண்டும்.

கிளைமை நியாயமில்லாமல் மறுத்தால், முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, 50 லட்சம் வரையான வழக்குகளை எடுப்பார்கள்.

அந்த ஏஜென்ட்டிடம் போகும் முன் இந்த வாரமே செய்யவேண்டியது ஒன்று. ஊருக்குப் போன் செய்து, அப்பாவுக்குச் சர்க்கரை முதலில் எந்த வருடம் தெரிந்தது, என்னென்ன மாத்திரை, அம்மாவுக்கு எப்போதாவது ஆபரேஷன் நடந்ததா என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். பழைய சீட்டுகள் இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஃபார்மை நீங்களே நிரப்புங்கள், அல்லது அவர் நிரப்பும்போது பக்கத்தில் உட்காருங்கள். பாலிசி கைக்கு வந்ததும் நகலாக இணைத்திருக்கும் ப்ரபோசல் பக்கத்தை அந்தத் தாளோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஏதாவது மாறியிருந்தால் கம்பெனிக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள். திருத்த மறுத்தால் பாலிசியைத் திருப்பிக் கொடுக்க 30 நாள் இருக்கிறது.